கிருஷ்ணகிரி பழையபேட்டை பைபிள் பைண்டிங் கடை: அம்மாவோட பைபிளைக் கொடுத்து வாங்கின அனுபவம்

பழைய பைபிள் கிழிஞ்சு போச்சு, தூக்கிப் போட மனசு வரல, என்ன பண்றதுன்னு தெரியாம பீரோ மேல துணி சுத்தி வெச்சிருக்கறவங்க நம்ம பக்கம் நிறைய பேர் இருப்பீங்க, உங்களுக்காகத்தான் இதை எழுதறேன். கிருஷ்ணகிரி பழையபேட்டைல ஒரு சந்துக்குள்ள சின்ன பைண்டிங் கடை ஒண்ணு இருக்கு. ஆபீஸ் ரெஜிஸ்டர், பேரேடு, காலேஜ் பிள்ளைங்க ப்ராஜெக்ட் இதெல்லாம் தான் மெயின் வேலை, ஆனா பைபிள், பாட்டுப் புஸ்தகம், ஜெபப் புஸ்தகம்னு யார் கொண்டு வந்தாலும் எடுத்துக்கறார். பேர் போட வேணாம்மா, வர்றவங்க வந்துட்டுதான் இருக்காங்கன்னு அந்த அண்ணன் கேட்டுக்கிட்டார், அதனால கடை பேரும் போன் நம்பரும் இங்க இல்ல. பழையபேட்டைக்குள்ள போய் பைபிள் பைண்டிங் யார் பண்றாங்கன்னு கேட்டா காட்டிடுவாங்க.

முதல்லயே சொல்லிடறேன், வேலை அருமை, தாராளமா போங்க. ஆனா எனக்கு அங்க வேலையை விட பெருசா ஒரு விஷயம் கிடைச்சுது, அதைச் சொல்லத்தான் இவ்ளோ நீளமா எழுதறேன், பொறுமையா படிங்க.

அம்மாவோட பைபிள் என்ன நிலைமைல இருந்துச்சுன்னு சொன்னாத்தான் வேலையோட அருமை புரியும். முதுகுப் பக்கம் மொத்தமா போயிடுச்சு, முன் அட்டை தனியா, ஆதியாகமம் முதல் பாரம் (சேர்த்து மடிச்சுத் தைக்கற தாள் கட்டு) தனியா, சங்கீதம் நடுவுல ரெண்டா பிளந்து நிக்குது, வெளிப்படுத்தின விசேஷத்துல கடைசித் தாள் காணோம். அதுக்கு மேல வருஷக்கணக்கா அம்மா ஒட்டின செல்லோடேப்பு, அது மஞ்சளாகி பிசுபிசுன்னு ரெண்டு மூணு பக்கத்தை ஒண்ணா ஒட்டிப் பிடிச்சிருந்துச்சு. ஓரம் பூரா அம்மாவோட கையெழுத்து, எந்த நாள் எந்த வசனம் கொடுத்தாங்க, எங்க அப்பா ஆஸ்பத்திரில இருந்தப்ப எதைப் படிச்சாங்க, எனக்கு வேலை கிடைச்ச தேதி, எல்லாம் அதுல தான் இருக்கு. வேற ஊர்ல ஒரு கடைல காட்டினப்ப, புதுசே வாங்கிக்கலாமேன்னு சொல்லிட்டாங்க. எங்க சபைல ஒரு அக்கா இன்னொரு இடத்துல கொடுத்து, அவங்க மிஷின்ல மூணு பக்கமும் ஓரம் வெட்டி பளபளன்னு கொடுத்துட்டாங்க, பார்க்க புதுசு மாதிரி இருக்கு, ஆனா ஓரத்துல எழுதின குறிப்பெல்லாம் பாதி பாதி எழுத்தோட போயிடுச்சு. அந்த பயத்துல தான் நான் ரொம்ப நாள் யார்கிட்டயும் கொடுக்காமலே வெச்சிருந்தேன்.

இந்த அண்ணன் கைல வாங்கினதும் விலை சொல்லல. மேஜை மேல ஒரு துணியை விரிச்சு, பைபிளை அதுல வெச்சு, மெதுவா ஒவ்வொரு பாரமா பிரிச்சுப் பார்த்தார். பார்த்துட்டு, இதுல என்னால எது முடியும் எது முடியாதுன்னு வரிசையா சொன்னார். செல்லோடேப் எடுத்த இடத்துல மஞ்சக் கறை போகாது. ஓரத்துல இருந்த தங்க கலர் திரும்ப வராது, அதைப் போடற வசதி என்கிட்ட இல்ல. காணாம போன தாளுக்கு அதே பதிப்பு பைபிள் வெச்சிருக்கறவங்ககிட்ட ஜெராக்ஸ் எடுத்துட்டு வந்தா மெல்லிசு தாள்ல போட்டு சேர்த்துடலாம். ஓரம் வெட்ட மாட்டேன், வெட்டாட்டி கொஞ்சம் ஏத்த இறக்கமா தான் இருக்கும், பரவாயில்லையா? இப்படி முன்னாடியே குறையைச் சொல்லிட்டு வேலை எடுக்கறவங்களை நான் அதிகம் பார்த்ததில்ல. "உள்ளதை உள்ளதென்றும், இல்லதை இல்லதென்றும் சொல்லுங்கள்"னு மத்தேயு 5ல இயேசு சொன்னது எனக்கு அப்ப ஞாபகம் வந்துச்சு, அந்த வசனத்தை நாம சத்தியம் பண்ணக்கூடாதுங்கறதோட நிறுத்திக்கறோம், கடையில நின்னு வியாபாரம் பேசறப்ப அதை எடுத்துக்கறதே இல்ல.

வேலை எப்படின்னா, பழைய தையலை அறுத்து பாரத்தை எல்லாம் தனித்தனியா எடுத்துட்டார். செல்லோடேப் பசையை பொறுமையா சுரண்டி எடுத்து, கிழிஞ்ச மடிப்புல மெல்லிசு டிஷ்யூ தாள் ஒட்டி காயவெச்சு, அப்புறம் நாடா வெச்சு ஊசி நூல்ல ஒவ்வொரு பாரமா கையாலயே தைச்சிருக்கார். பசை மைதா காய்ச்சினது, பூச்சி அரிக்காம இருக்க அதுல மயில்துத்தம் போடறார். முதுகுல துணி ஒட்டி, கனமான அட்டை வெச்சு, மேல கறுப்பு ரெக்சின். ரிப்பன் ரெண்டு, ஒண்ணு பழைய ஏற்பாட்டுக்கு, ஒண்ணு புதிய ஏற்பாட்டுக்கு. இப்ப மேஜை மேல விரிச்சு வெச்சா எந்தப் பக்கமும் தானா மூடிக்காம அப்படியே படுத்து நிக்குது, பைண்டிங் தெரிஞ்சவங்களுக்கு அதுதான் முக்கியம்னு தெரியும். வெறும் பசை போட்டு ஒட்டினா கொஞ்ச நாள்ல முதுகு வெடிச்சிடும், தைச்சது தான் நிக்கும், ஆனா அந்தத் தையல் வேலையை யாருமே பார்க்கப் போறதில்ல, எல்லாம் ரெக்சினுக்கு உள்ள போயிடுது. எனக்கு 600 ரூபாய் ஆச்சு. அந்த உழைப்புக்கு இது கம்மின்னு தான் நினைக்கறேன்.

இப்ப நான் சொல்ல வந்த விஷயம். அவர் பாரத்தைப் பிரிச்சுட்டு இருந்தப்ப நான் பக்கத்துல ஸ்டூல்ல உக்காந்திருந்தேன். சங்கீதம் பக்கம் வந்தப்ப அவர் கை நின்னுச்சு. "பாத்தீங்களாம்மா, எந்த சபைக்காரங்க கொண்டு வந்தாலும் அழுக்கு ஒரே எடத்துல தான் இருக்கும், 23, 91, 121, இந்த மூணு பக்கமும் விரல் பட்டுப் பட்டு பழுப்பாயிருக்கும், ஓரம் தேஞ்சிருக்கும். அப்புறம் எரேமியா 29, ஏசாயா 41, பிலிப்பியர் 4. நடுவுல பல பக்கம் அச்சாபீஸ்ல இருந்து வந்த மாதிரியே இருக்கும்"னார். கத்தோலிக்கர், லுத்தரன், சிஎஸ்ஐ, பெந்தெகொஸ்தேன்னு எல்லாரோட பைபிளும் அவர் கைக்கு வருது, கிருஷ்ணகிரில லுத்தரன் ஊழியம் 1895லயே ஆரம்பிச்சதால சில வீட்ல தாத்தா பாட்டி காலத்துப் புஸ்தகமெல்லாம் கொண்டு வர்றாங்களாம், அதுலயும் இதே பக்கம் தான் தேஞ்சிருக்குமாம்.

அடுத்து அவர் காட்டினது தான் என் மனசைப் பிடிச்சுக்கிச்சு. 1 பேதுரு 5ம் அதிகாரத்தை எடுத்து வெச்சார். "அவர் உங்களை விசாரிக்கிறவரானபடியால், உங்கள் கவலைகளையெல்லாம் அவர்மேல் வைத்துவிடுங்கள்", ஏழாவது வசனம், அம்மா சிவப்பு பேனா, நீல பேனா, பென்சில் எல்லாத்துலயும் அடிக்கோடு போட்டிருக்காங்க. அதுக்கு நேர் மேல ஆறாவது வசனம், "ஆகையால், ஏற்றகாலத்திலே தேவன் உங்களை உயர்த்தும்படிக்கு, அவருடைய பலத்த கைக்குள் அடங்கியிருங்கள்." அதுல ஒரு புள்ளி கூட இல்ல. "எல்லார் பைபிள்லயும் இப்படித்தாம்மா, கீழ கோடு இருக்கும், மேல வெள்ளையா இருக்கும்"னார் அண்ணன். குறை சொல்ற மாதிரி எல்லாம் சொல்லல, வருஷக்கணக்கா கண்ணால பார்த்ததைச் சொன்னார், அவ்ளோதான்.

வீட்டுக்கு வந்து நான் வேற இடமெல்லாம் தேடிப் பார்த்தேன். பிலிப்பியர் 4:13, "என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு", பத்தாவது பரீட்சை எழுதற பிள்ளைங்க டெஸ்க்ல இருந்து ஆட்டோ கண்ணாடி வரைக்கும் எழுதி வெச்சிருக்கோம். அதுக்கு மேல 12வது வசனம், "தாழ்ந்திருக்கவும் எனக்குத் தெரியும், வாழ்ந்திருக்கவும் எனக்குத் தெரியும்". பவுல் இதை எழுதறப்ப காவல்ல இருக்கார், பிலிப்பி சபைக்காரங்க எப்பாப்பிரோதீத்துகிட்ட கொடுத்து அனுப்பின உதவியை வாங்கிக்கிட்டு நன்றி சொல்லி எழுதற இடம் அது. பசியா இருக்கவும் தெரியும், நிறைவா இருக்கவும் தெரியும், அடுத்தவங்க கொடுக்கறதை வாங்கிக்கவும் தெரியும், அந்தப் பெலனைத்தான் கிறிஸ்து கொடுக்கறார்ங்கறார். நாம அந்த மேல் வரியை விட்டுட்டு கீழ் வரியை மட்டும் எடுத்தா, அது ஜெயிக்கறதுக்கான வசனமா மாறிடுது. தோத்துப் போய் வீட்ல உக்காந்திருக்கற பிள்ளைக்கு அது ஒண்ணும் கொடுக்காது. ஆனா முழுசா படிச்சா அந்தப் பிள்ளைக்குத்தான் அது முதல்ல எழுதின மாதிரி இருக்கு.

எரேமியா 29:11ம் அப்படித்தான். "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே", ஜனவரி 1 ஆராதனைல வாக்குத்தத்த அட்டை எடுக்கறப்ப இது வந்துட்டா நமக்கெல்லாம் அவ்ளோ சந்தோஷம். அதுக்கு மேல பத்தாவது வசனத்துல பாபிலோன்ல எழுபது வருஷம் ஆகணும்னு இருக்கு. சிறைப்பட்டுப் போன ஜனங்களுக்கு எருசலேம்ல இருந்து எரேமியா எழுதின கடிதம் அது. வீடு கட்டி குடியிருங்க, தோட்டம் வெச்சு பழம் சாப்பிடுங்க, உங்களைக் கொண்டு போன பட்டணத்தோட சமாதானத்துக்காக ஜெபம் பண்ணுங்கன்னு 5, 6, 7 வசனத்துல சொல்றார். மாங்கன்னு வெச்சு வளர்த்தவங்க நிறைஞ்ச ஊர் நம்மூர், ஒட்டுக் கன்னு வெச்சாலும் காய்ப்புக்கு சில வருஷம் காத்திருக்கணும், தோட்டம் வெக்கச் சொல்றார்னா சீக்கிரம் திரும்பப் போறதில்லன்னு அர்த்தம்னு நமக்குப் புரியணும். அந்த ஜனங்க வாக்குத்தத்தத்தை நம்பினது எப்படின்னா, தங்களுக்குப் பிடிக்காத ஊர்ல பொறுமையா வேர் விட்டு, அக்கம்பக்கத்து ஆளுங்களுக்கு நல்லது செஞ்சு தான். ஓசூர் கம்பெனில வேலை போயிடுமோன்னு பயந்துக்கிட்டு தினமும் பஸ் ஏறறவங்க வீட்ல இந்த அதிகாரத்தை முழுசா படிச்சா ரொம்ப பெலனா இருக்கும்.

நீதிமொழிகள் 3:5, "உன் சுயபுத்தியின்மேல் சாயாமல், உன் முழு இருதயத்தோடும் கர்த்தரில் நம்பிக்கையாயிருந்து", இதுவும் எல்லார் வீட்டுச் சுவத்துலயும் இருக்கு. ரெண்டு வசனம் தள்ளி ஏழுல "நீ உன்னை ஞானியென்று எண்ணாதே"ன்னு இருக்கறது எந்தச் சுவத்துலயும் இல்ல.

ஆனா இதுல எல்லாத்துக்கும் மேல சங்கீதம் 131. மூணே வசனம். 121க்கும் 128க்கும் ரொம்ப பக்கத்துல, அதே ஆரோகண சங்கீதங்கள் வரிசைல தான் இருக்கு, 121 பிரயாணத்துக்குப் படிக்கறோம், 128 கல்யாணத்துல படிக்கறோம், 133 சபை ஐக்கியத்துக்குப் படிக்கறோம், 131 சும்மா இருக்கு. முதல் வசனம் "கர்த்தாவே, என் இருதயம் இறுமாப்புள்ளதல்ல"ன்னு ஆரம்பிக்குது, எனக்கு மிஞ்சின காரியத்துல நான் தலையிடறதில்லங்கறார் தாவீது. ரெண்டாவது வசனத்துல தாய்ப்பால் மறந்த குழந்தை. மூணாவது, "இஸ்ரவேலே, இதுமுதல் என்றென்றைக்கும் கர்த்தரை நம்பியிரு." தாழ்மைல ஆரம்பிச்சு நம்பிக்கைல முடியுது, நடுவுல அமைதி. பால் மறக்கடிச்ச குழந்தையை வளர்த்தவங்களுக்குத் தெரியும், முதல்ல என்ன அழுகை, என்ன ரகளை. அப்புறம் ஒரு நாள், ஒண்ணும் கேக்காம, ஒண்ணும் கிடைக்காட்டியும், அம்மா மடில சும்மா சாஞ்சு உக்காந்திருக்கும். ஏதாவது வேணும்னு வரல, அம்மா வேணும்னு வந்திருக்கு. என் ஜெபம் இப்படி இருக்கணும்னு எனக்கு ஆசை.

இதையெல்லாம் அந்த அண்ணன்கிட்ட திரும்ப போனப்ப சொன்னேன். அவர் கைல இருந்த பாரத்தைக் காட்டி ஒண்ணு சொன்னார். "மா, பாரம்ங்கறது ஒரே தாளை மடிச்சது. இந்தப் பக்கத்துல ஒரு தாளை உருவினீங்கன்னா, அந்தப் பக்கத்துல அதோட ஜோடித் தாள் தானா கழண்டு வந்துடும். அது வேற அதிகாரமா இருக்கும், நமக்கு சம்பந்தமே இல்லாத மாதிரி தெரியும், ஆனா மடிப்புல ஒண்ணு தான்." தாழ்மை இல்லாம நம்பிக்கையை மட்டும் உருவினா அது நிக்காதுன்னு இதை விட தெளிவா எந்தக் கன்வென்ஷன்லயும் நான் கேட்டதில்ல.

ஏன் ரெண்டும் ஒண்ணுன்னு நான் கொஞ்சம் யோசிச்சுப் பார்த்தேன், என் மனசுல பட்டதைச் சொல்றேன். கவலையை அவர்மேல வைக்கணும்னா முதல்ல அது என் கைல இருந்து இறங்கணும். இறங்காததுக்குக் காரணம், நான் பிடிச்சாத்தான் நிக்கும்னு ஒரு நினைப்பு. பையன் மார்க், பொண்ணு கல்யாணம், வீட்டுக் கடன், எல்லாத்தையும் நானே பார்த்துக்கணும், நான் இல்லாட்டி வீடே நடக்காது, இதைப் பொறுப்புன்னு நாம சொல்லிக்கறோம், பாதி பொறுப்பு தான், மீதி பெருமை. அதனால தான் பேதுரு "அடங்கியிருங்கள்"ங்கறதையும் "வைத்துவிடுங்கள்"ங்கறதையும் ஒரே மூச்சுல சொல்றார். அதுவும் சொல்றது யாரு பாருங்க. யோவான் 13ல இயேசு துணியை இடுப்புல கட்டிக்கிட்டு கால் கழுவ வந்தப்ப, நீர் ஒருக்காலும் என் கால்களைக் கழுவப்படாதுன்னு மறுத்தவர் இதே பேதுரு தான். அவர் தான் பின்னாடி 1 பேதுரு 5:5ல "மனத்தாழ்மையை அணிந்துகொள்ளுங்கள்"னு எழுதறார். அந்த ராத்திரி கட்டியிருந்த துணி அவருக்கு ஞாபகம் வந்திருக்கும்னு நான் நினைச்சுக்கறேன்.

இன்னொண்ணும் அந்த இடத்துல இருக்கு. கால் கழுவி விடறது மட்டும் தாழ்மை இல்ல, கழுவ விடறதும் தாழ்மை தான். நம்ம சபைகள்ல உதவி செய்யறதுக்கு ஆள் நிறைய, எனக்கு உதவி வேணும்னு வாய் விட்டுக் கேக்கறதுக்கு யாரும் இல்ல. வீட்ல அரிசி தீர்ந்தாலும் சாட்சி சொல்றப்ப எல்லாம் நல்லாருக்குன்னு தான் சொல்லுவோம், மைக் பிடிச்சா எல்லாருக்கும் ஜெயம் மட்டும் தான். எங்க பெண்கள் கூடுகைல ஒரு அம்மா எழுந்து நின்னு, என் மருமக சமையல் என் சமையலை விட நல்லாருக்கு, அதை என்னால சொல்ல முடியல, எனக்காக ஜெபம் பண்ணுங்கன்னு கேட்டாங்க, அன்னைக்கு அந்த அறைல இருந்த அமைதியை நான் எந்த உபவாச ஜெபத்துலயும் பார்த்ததில்ல. தாழ்மைன்னா நான் ஒண்ணுமில்ல நான் புழுன்னு பேசறதில்லன்னு அன்னைக்கு எனக்குப் புரிஞ்சுது. அடுத்தவங்களோட நல்லதை உண்மையா பார்த்து வாயால சொல்றது தான் அது, பிலிப்பியர் 2:3ல "மனத்தாழ்மையினாலே ஒருவரையொருவர் தங்களிலும் மேன்மையானவர்களாக எண்ணக்கடவீர்கள்"னு இருக்கறது அது தான்.

அசனத்துல, அதான் சபை விருந்துல, யார் முதல் பந்தி, பிரதிஷ்டை பண்டிகை நோட்டீஸ்ல யார் பேர் மேல, கமிட்டில யாருக்கு எந்தப் பொறுப்பு, இதுக்கெல்லாம் லூக்கா 14ல பதில் இருக்கு. விருந்துக்குப் போனா தாழ்ந்த இடத்துல உக்காருங்கறார் இயேசு. அதுலயும் நம்பிக்கை ஒளிஞ்சிருக்கு பாருங்க, தாழ்ந்த இடத்துல உக்காந்தவன் மேல வர்றதுக்கு வீட்டுக்காரர் கூப்பிடணும், தானா எழுந்து போக முடியாது. அவர் என்னைப் பார்க்கறார்னு நம்பறவனால தான் அங்க நிம்மதியா உக்காந்து சாப்பிட முடியும். நம்பாதவனுக்கு அந்த இடம் தண்டனை மாதிரி இருக்கும்.

சரி கடைக்கு வர்றேன். அந்தக் கடைல பெரிய வசனப் பலகை எதுவும் இல்ல. நம்மாளுங்க சில பேர் வசனம் எழுதின கடைன்னா நேர்மையா இருக்கும்னு நம்பிப் போறோம், வசனம் எழுதறது தப்பில்ல, ஆனா எழுதினவங்க தராசும் அதே மாதிரி இருக்கணும், "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது"ன்னு நீதிமொழிகள் 11:1 இருக்கே. இங்க வசனம் வேலைல இருக்கு. பைண்டிங் பண்ணி முடிச்சு உள் அட்டைல கடை லேபில் ஒட்டறது வழக்கம், இவர் பைபிள்ல மட்டும் ஒட்டறதில்ல, ரெஜிஸ்டர்ல ஒட்டறார். ஏன்னு கேட்டேன், "அதுல என் பேர் எதுக்கும்மா"ன்னுட்டு வேலையைப் பார்க்கப் போயிட்டார்.

பைபிளுக்குள்ள இருந்த சாமான் எல்லாத்தையும் ஒரு கவர்ல போட்டு, எந்தப் பக்கத்துல இருந்துச்சுன்னு துண்டுச் சீட்டுல பக்க எண் எழுதி ஒட்டிக் கொடுத்தார். காஞ்சு போன குருத்தோலை, ஒரு பழைய பத்து ரூபாய் நோட்டு, என் சின்ன வயசு போட்டோ, அப்பாவோட ஆஸ்பத்திரி சீட்டு. அம்மா எழுதின குறிப்பை எல்லாம் படிச்சீங்களான்னு கேட்டதுக்கு, நம்பர் பார்க்கத்தான் கண்ணு, அது அம்மாவுக்கும் ஆண்டவருக்கும் உள்ளது, நான் படிக்க மாட்டேன்னார். ஜெபக் குறிப்பு எழுதின பைபிளை முன்னப் பின்ன தெரியாத ஆள்கிட்ட விட்டுட்டுப் போறது சாதாரண விஷயம் இல்ல, உங்களுக்கும் அந்தத் தயக்கம் இருக்கும், இங்க தைரியமா கொடுக்கலாம்.

தேதி கேட்டா "ஆண்டவருக்குச் சித்தமானா வெள்ளிக்கிழமை"ம்பார். இதைக் கேட்டு சிலருக்கு எரிச்சல் வருது, அப்ப முடியுமா முடியாதான்னு பக்கத்துல ஒருத்தர் சத்தம் போட்டதை நானே பார்த்தேன். யாக்கோபு 4ல இருக்கறது தான், நாளைக்கு அந்தப் பட்டணத்துக்குப் போவோம் வியாபாரம் பண்ணுவோம்ங்கறவங்களைப் பார்த்து, "ஆண்டவருக்குச் சித்தமானால், நாங்களும் உயிரோடிருந்தால்" அப்படின்னு சொல்லணும்ங்கறார். இதைச் சாக்கா வெச்சு வேலையை இழுக்கறவங்களும் இருக்காங்க, அது ஆண்டவர் பேரை வீணா இழுக்கறது. இவர் அப்படி இல்ல. என் வேலை சொன்ன நாள்ல முடியல, மழை ஈரத்துல பசை காயலன்னு முந்தின நாளே போன் பண்ணி சொல்லிட்டார், நான் பஸ் ஏறி வந்து திரும்பிப் போற நிலைமை வரல.

குறைன்னு சொன்னா, வேலை மெதுவா தான் நடக்கும், அவசரத்துக்கு ஆகாது. ரெக்சின் கலர் கறுப்பு, மெரூன் ரெண்டு தான். தைச்ச அப்புறம் பைபிள் கொஞ்சம் தடிமனாயிடுது, அம்மாவோட பழைய ஜிப் கவர்ல இப்ப நுழையல, புது கவர் பெரிய சைஸ்ல வாங்க வேண்டியதா போச்சு, இதை அவர் முன்னாடியே சொல்லியிருக்கலாம்னு தோணுச்சு, அடுத்த தடவை சொன்னப்ப, சரிதாம்மா, இனிமே எல்லார்கிட்டயும் சொல்லிடறேன்னு உடனே ஒத்துக்கிட்டார், சமாதானம் எதுவும் சொல்லல. ஜெராக்ஸ் எடுத்துச் சேர்த்த வெளிப்படுத்தின விசேஷம் கடைசித் தாள் மத்த தாளை விட வெள்ளையா தனியா தெரியுது, அதைத் தவிர்க்க முடியாது. ஓரத்துல விரல் வெச்சுத் திறக்கற வெட்டு இருந்த பைபிள்னா அதை அவர் புதுசா போட்டுத் தர மாட்டார், இருக்கறதை கெடுக்காம வெச்சுக் கொடுப்பார்.

அம்மாகிட்ட கொண்டு போய் கொடுத்தப்ப தடவிப் பார்த்துட்டு, முதல்ல ஓரத்துக் குறிப்பு இருக்கான்னு தான் தேடினாங்க. இருந்துச்சு. நான் 1 பேதுரு 5:6ஐ படிச்சுக் காட்டினேன், அவங்களுக்கு இப்ப சின்ன எழுத்து தெரியறதில்ல. ரெண்டு தடவை படிக்கச் சொன்னாங்க, அப்புறம் பென்சிலை எடுத்துக் கொடுத்து நீயே கோடு போடுன்னாங்க.

போறவங்களுக்கு சில விஷயம். ஞாயித்துக்கிழமை கடை இல்ல. மார்ச், ஏப்ரல்ல காலேஜ் ப்ராஜெக்ட் வேலை குவிஞ்சிருக்கும், டிசம்பர்ல புது வருஷத்துக்குள்ள வேணும்னு எல்லாரும் பைபிளைத் தூக்கிட்டு வருவாங்க, இந்த ரெண்டு நேரமும் விட்டுட்டு ஜூன், ஜூலைல கொடுத்தா நல்லது. கொடுக்கறதுக்கு முன்னாடி செல்லோடேப்பை நீங்களா பிய்க்காதீங்க, எழுத்தோட சேர்ந்து வந்துடும், அவரே எடுப்பார். தாள் ஏதாவது காணோம்னா எந்தப் பதிப்பு எந்த சைஸ்னு முதல் பக்கத்தைப் பார்த்து அதே பைபிள் யார்கிட்ட இருக்குன்னு விசாரிச்சு ஜெராக்ஸ் எடுத்துட்டுப் போங்க. பாட்டுப் புஸ்தகம் சின்ன சைஸ்னா 200ல இருந்து 250க்குள்ள முடியுது, என் அத்தை கொடுத்திருக்காங்க. பணம் கைல கொண்டு போங்க, ஜிபே இல்ல.